ப்ரோதினா நெடுஞ்சாலைக்கு வந்து சேர்ந்தது

எங்கள் ஊர் ப்ரோதினா இப்போது இருக்கும் இடத்துக்கு நடந்தே வந்தது. வந்து சேர ஒன்பது வருடம் பிடித்தது. முதலில் கிளம்பியது ரூமியானாவின் குடல் சூப் கடை. கடைசியாக வந்தது தேவாலயம், அதுவும் தான் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே.

பழைய இடத்தில் ஊர் உட்கார்ந்ததற்கும் பெரிய காரணம் எதுவும் கிடையாது. ஆற்றில் அங்கே மட்டும் முழங்காலளவு தண்ணீர். இஸ்தான்புல் போகும் வண்டிகள் அங்கே இறங்கிக் கடந்தன, நனைந்தவர்கள் நின்று காய்ந்தார்கள், காய்ந்தவர்களுக்குப் பசித்தது. அவ்வளவுதான் எங்கள் வரலாறு. பிறகு பாலம் வந்தது, தார்ச்சாலை வந்தது, வாசல்தோறும் லாரி வந்து நின்றது. சமவெளியின் மறுகோடியில் புதிய நெடுஞ்சாலை திறந்த அன்று, எங்கள் மேயர் போய்க் கைதட்டிவிட்டு வந்தார். எதற்குத் தட்டினார் என்று அவருக்கே பிறகுதான் புரிந்தது. பெட்ரோல் பங்க் மூடியது, வங்கி போனது, பேருந்து நின்றது. சலூன்காரர் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார்.

ரூமியானாவுக்கு வியாபாரத்தைவிடப் பெரிய கவலை இருந்தது. அவள் மகன் பிளாமென் இஸ்தான்புல்லுக்கும் வியன்னாவுக்கும் இடையே லாரி ஓட்டுகிறவன். முன்பெல்லாம் வியாழன்தோறும் கடை வாசலில் நிறுத்தி, பூண்டு ஊறிய வினிகரை விட்டு இரண்டு கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் போவான். இப்போது அவன் முதலாளி லாரியில் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார். வண்டி நெடுஞ்சாலையை விட்டு இறங்கினால் அது கூவும், வேலை போகும். விடுமுறையும் கிடையாது. வியாழக்கிழமை காற்று சாதகமாக இருந்தால் அவன் ஹாரன் மட்டும் தொலைவிலிருந்து கேட்கும். பெற்றவளுக்கு அது போதுமா?

பயணம் கிளம்புகிறவன் காலடியில் செம்புத் தண்ணீரைக் கொட்டுவது எங்கள் வழக்கம். அந்தத் தண்ணீர்போல வழியும் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். பிளாமெனுக்கு ஊற்றி ஊற்றிப் பழகிய செம்பு சும்மா கிடந்தது. ஒருநாள் ரூமியானா அதை நிரப்பிக் கடையின் வாசற்படியிலேயே கொட்டினாள். அவன் வர முடியாதென்றால் கடை போகட்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு. மறுநாள் கடை நெடுஞ்சாலைப் பக்கமாக ஒரு முழம் தள்ளியிருந்தது. அடுப்பில் இருந்த சூப் ஒரு துளிகூடத் தளும்பவில்லை. அன்றிலிருந்து மழையோ பனியோ, தினமும் ஒரு செம்பு.

ஊர் சிரித்தது. கடை மெத்தோடியின் பிளம் தோப்பு வேலியில் போய் முட்டி நின்றதும் சிரிப்பு நின்று சண்டை தொடங்கியது. மெத்தோடி ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். ரயில் நின்றுபோன பிறகும் தொப்பியைக் கழற்றாதவர்.

"ரூமியானா, உன் கடைய எடு. இது என் தோப்பு."

"போற வண்டிக்கு வழி விடுறதுதானண்ணே உங்க வேலை? பச்சைக் கொடிய எங்க வச்சீங்க, தேடுங்க."

அவர் மசியவில்லை. குளிர்காலம் முழுக்கக் கடை வேலியைப் பார்த்தபடி நின்றது. அவள் ஊற்றிய தண்ணீர் வாசலிலேயே உறைந்தது. அதன்மேலேயே மறுநாளும் ஊற்றினாள். அடுத்த கோடையில் வாங்க லாரி வராமல் மெத்தோடியின் பிளம் பழங்கள் மரத்தடியில் அழுகின. ஒரு காலையில் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வேலியைப் பிரித்தார். பிறகு தன் வீட்டு வாசலிலும், வெட்கத்தோடு ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு செம்பு ஊற்றினார்.

அதற்கப்புறம் சலூன், பள்ளிக்கூடம், மருந்துக்கடை என்று ஒவ்வொன்றாகக் கிளம்பின. கோயில் வியாபாரத்தின் பின்னால் ஓடாது என்று பாதிரியார் சிமியோன் பிரசங்கமே செய்தார். ஆனால் ஞாயிறுக்கு ஞாயிறு மணிச்சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்பதாம் வருடம் கடை நெடுஞ்சாலையின் கம்பிவேலியைத் தொட்டது. சாலை நிறுவனத்து அதிகாரி வந்தார்.

"இங்க யாரும் வண்டிய நிறுத்தக் கூடாதும்மா. இறங்குறதுக்கு வழியே இல்ல."

"வழி இல்லன்னுதான் சார் நாங்க நடந்து வந்தோம்."

அவர் இரண்டு கிண்ணம் சூப் குடித்தார். ஆனாலும் விதி விதிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வியாழக்கிழமை பிளாமெனின் லாரி கைக்கெட்டும் தூரத்தில் கடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது, தலை நரைத்திருந்தது. ஹாரன் அடித்தான், நிறுத்த முடியவில்லை. இத்தனை வருடத்தில் ரூமியானா அழுதது அன்றைக்கு மட்டும்தான். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டாள். நான் இவ்வளவு தூரம் வந்தேனே, மிச்சத்துக்கு நீ வரக்கூடாதா என்று சாலையிடமே கேட்டுவிட்டு, வேலிக்குள் கையை நீட்டித் தார்மேல் செம்பைக் கவிழ்த்தாள்.

காலையில் வெள்ளைக் கோடெல்லாம் போட்டபடி ஒரு கிளைச்சாலை பிரிந்து வந்து கடை வாசலில் நின்றிருந்தது. வேலி தானாக ஒதுங்கியிருந்தது. அதிகாரி நாடா பிடித்து அளந்தார், தலையைச் சொறிந்தார், பிறகு ஊர்ப்பெயர்ப் பலகை செய்யச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வியாழன் பிளாமென் நிறுத்தினான். கருவி கூவவில்லை, லாரி நெடுஞ்சாலையை விட்டு இறங்கவே இல்லையே, நெடுஞ்சாலைதான் கடைக்கு வந்திருந்தது. உட்கார்ந்து ஒரு கரண்டி வாயில் வைத்தான். 

"வினிகர்ல பூண்டு பத்தலம்மா."

"ஒம்போது வருஷமா உனக்குன்னு எடுத்து வச்சது. காரம் போயிருக்கும். குடி."

அவன் கிளம்பும்போது அவள் செம்பை நிரப்பிக்கொண்டு கூடவே லாரிவரை நடந்தாள். அவன் காலடியில் பார்த்துப் பார்த்துக் கொட்டினாள். திரும்பி வந்து, செம்பை நன்றாகத் துடைத்த பிறகே வாசற்படியில் கால் வைத்தாள். ஒரு சொட்டு சிந்தினாலும் கடை அவன் பின்னாலேயே வியன்னாவுக்குக் கிளம்பிவிடும்.