பாலஸ்தீனத் தேர்தலும் ஜெப்சியின் படகும்

வந்திருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். உட்கார்ந்த இடத்தோடு எழுதினால்தான் பிற்பாடு ஒருவரும் நான் அன்றைக்கு வரவில்லை என்று சொல்ல முடியாது.

தலைவர் சிலுவைமுத்து, மேசைக்குப் பின்னால், மதுரையிலிருந்து வரவழைத்த சுழல் நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் செயலாளர் ஜோஸ்வின். தலைவரின் மச்சினன். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டும் தலைவரின் தோளுயரத்துக்கு வராமல் உட்கார்ந்திருந்தார். ஜன்னலோரம் ஹசன் அலி, பதினோரு வருடம் ஷார்ஜாவில் மீன் குளிர்பதனக் கிடங்கில் இருந்துவிட்டு வந்தவர், கையில் போனோடு. சுவரோரப் பெஞ்சுகளில் உறுப்பினர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் மின்விசிறிக்கு நேர் கீழே வரவேண்டும் என்று இடித்துக்கொண்டு உட்கார்ந்ததில் மீதிப் பெஞ்சு காலியாகக் கிடந்தது. வாசற்படிக்கு வெளியே கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின்மேல் ஜெப்சி. உறுப்பினர் அல்லாதவர்கள் உள்ளே உட்காரக் கூடாது என்பது விதி. மேசை ஓரத்தில் நான், தங்கப்பாண்டி, சங்கத்தின் எழுத்தர். சொந்த ஊர் திருப்புல்லாணி. படித்ததும் அங்கேதான். படகு ஏறினால் வாந்தி எடுப்பேன் என்பதால் இந்த வேலைக்குப் பொருத்தமானவன் என்று பதினாறு வருடத்துக்கு முன்னால் சேர்த்துக்கொண்டார்கள்.

பாம்பன் பக்கத்துக் கரையில் எங்களுடையது நாட்டுப்படகுக்காரர்கள் சங்கம். இங்கே ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். மேலே அரைப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைப்பேன். கூட்டம் முடிந்து அவர்கள் டீ குடிக்கப் போன பிறகு, என்ன முடிவானதோ அதை அந்த வெற்றிடத்தில் எழுதுவேன். எழுதியதை இதுவரை ஒருவரும் படித்ததில்லை. தலைவரோ சங்கத்தின் முகவரித் தாள்கள் பத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு என் மேசை டிராயரில் வைத்திருப்பார். படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பெருந்தன்மை என்று நினைக்கிற ஊர் இது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து கூடியதற்குக் காரணம் பாலஸ்தீனம். மண்டபம் பக்கத்துச் சங்கம் ஒன்று காசாப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட, அது படத்தோடு பேப்பரில் வந்துவிட்டது. அதிலிருந்து தலைவருக்குத் தூக்கம் இல்லை.

"சண்டைக்கு எல்லாப் பயலும் கண்டனம் போட்டுட்டான்," என்றார். "நாம புதுசா ஒன்னு போடணும். அலி பாய், அங்கன தேர்தல் வருதுன்னு சொன்னீரே, அதச் சொல்லும்."

ஹசன் அலி போனை எடுத்தார். அவரோடு கிடங்கில் வேலை பார்த்தவன் ராமி, பாலஸ்தீனத்தில் நாப்ளஸ் ஊர்க்காரன். அங்கே சில மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாகவும் கூடாரம் கூடாரமாகவும் போய் மக்களின் கருத்தைக் கேட்டு எழுதுகிறவர்கள் இருக்கிறார்களாம். ராமியின் தகப்பனார் வீட்டுக்கும் ஒரு பெண் வந்திருக்கிறாள். கிழவர் அதை மகனிடம் சொல்ல, மகன் ஹசன் அலிக்குப் பேசி அனுப்பியிருந்தான். அரபியை அவர் எங்களுக்குத் தமிழாக்கினார்.

"வந்த புள்ளைக்கு இருபத்தஞ்சு வயசு இருக்குமாம். நாட்டுத் தேர்தல்ல அது ஓட்டுப் போட்டதே கெடையாது. கடைசியா நடந்ததே ரெண்டாயிரத்தாறுல. அதுட்ட இவரு சொன்னாராம்: தேர்தல் வேணுமான்னு கேளு, வேணும். நடக்குமான்னு கேளு, சிரிப்பேன். யாருக்குப் போடுவன்னு கேட்டா மட்டும் டீ குடிச்சிட்டுப் போம்மான்னுடுவேன்."

பெஞ்சு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரிந்து சிரித்தவர் இரண்டு பேர் இருக்கலாம்.

"நடுவுல ஒருவாட்டி தேதி குறிச்சும் நடக்கலையாமே?" என்றார் ஜோஸ்வின்.

"அது இருபத்தொன்னுல. ஜெருசலேம்காரங்களை ஓட்டுப் போட விடல, அவங்க இல்லாம எப்படி நடத்துறதுன்னு தள்ளி வச்சாங்க."

"நியாயந்தானே," என்றார் தலைவர் உடனே. பழக்க தோஷம்.

வாசலிலிருந்து ஜெப்சி கேட்டாள்: "இதை இங்கனயே கேட்ட மாதிரி இருக்கே மாமா?"

இருக்கும். எங்கள் சங்கத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 ஜூன் மாதம். பதவிக்காலம் மூன்று வருடம். அதற்குப் பிறகு ஆறு முறை தேர்தலை ஒத்திவைத்து அறிவிப்புப் போட்டிருக்கிறோம். புயல், கொரோனா, பாலத்து வேலை, மாதா திருவிழா, உறுப்பினர் பட்டியல் சரிபார்ப்பு. ஆறாவது அறிவிப்புக்குக் காரணம், நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் இலங்கைச் சிறையில் இருக்கிறார்கள், அவர்கள் இல்லாமல் எப்படி நடத்துவது என்பது. அவர்கள் விடுதலையாகி வந்து ஒன்றரை வருடமாகிறது. இரண்டு பேரும் அன்று இடப்பக்கப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு அறிவிப்பும் என் கையெழுத்தில் எழுதியவை. என்னை விட்டுவிட்டு மற்றவர்களைச் சொல்லவில்லை.

"அங்கன வேற, இங்கன வேற," என்றார் தலைவர். "நீ சும்மா இரு."

ஜெப்சிக்குச் சும்மா இருக்க முடியாது. அவள் புருஷன் மிக்கேல் மூன்று வருடத்துக்கு முன்னால் வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்தான். படகு இன்னும் அவன் பெயரில். செத்தவன் பெயரில் இருக்கும்வரை அதற்குக் கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு கிடையாது. பெயர் மாற்றத்துக்குச் சங்கக் கடிதம் வேண்டும். சங்கக் கடிதத்துக்கு அவள் உறுப்பினராக வேண்டும். புது உறுப்பினரைச் சேர்க்கும் அதிகாரம் புதிதாகத் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவுக்கே என்று விதி. எத்தனையோ விதிகளைத் தலைவர் காற்றில் விட்டிருக்கிறார். இந்த ஒன்றை மட்டும் வேதம்போலக் காப்பாற்றி வந்தார். படகு மூன்று கோடையாக மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. பலகைகளுக்கு நடுவில் இப்போது விரல் போகும். இன்னொரு கோடை தாங்காது என்று படகு செப்பனிடும் ஓடாவி சொல்லிவிட்டான். ஓட்டிப்போக அவள் தம்பி தயாராக நிற்கிறான்.

"மாமா, அந்தப் புள்ள கேட்ட மூனு கேள்வியையும் நம்ம ஆளுககிட்டக் கேட்டா என்ன வரும்?" என்றாள் ஜெப்சி.

தலைவருக்குச் சிரிப்பு. "கேளேன். கேட்டுத்தான் பாரேன். ஏலே தங்கப்பாண்டி, நீ எழுது."

நான் எழுதினேன். தலைவரை நீக்கிப் பதினோரு பேர். சங்கத் தேர்தல் வேண்டுமா? பத்துக் கைகள் உயர்ந்தன. ஜோஸ்வினின் கை காது வரைக்கும் போய்த் தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. இந்த வருடம் நடக்குமா? ஒரு கை, அது ஜோஸ்வினுடையது. யாருக்குப் போடுவீர்கள்? பதினோரு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "இந்த பேன் ஏன் இம்புட்டுச் சத்தம் போடுது?" என்றார்.

"நாப்ளஸ்தான்," என்றார் ஹசன் அலி. "அச்சு அசலா நாப்ளஸ்."

அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராமியின் தகப்பனார் ஊரில் ஓட்டுப்பெட்டி வைத்தால் அது அயல் ராணுவத்தின் சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போய்வர வேண்டும். காசாவில் பெட்டி வைப்பதற்குச் சுவரோடு நிற்கும் பள்ளிக்கூடத்தைத் தேட வேண்டும். அப்படி நின்றாலும் உள்ளே வீடிழந்தவர்கள் படுத்திருப்பார்கள். அந்தக் கிழவர் சிரிப்பதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. எங்களுக்கு என்ன கேடு? ஒரு மேசை, ஒரு டப்பா, மறைப்புக்கு ஒரு பழைய சேலை. அரை நாள் வேலை. குறுக்கே நிற்பது ஒரு சுழல் நாற்காலியும், அதன் எதிரில் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பதினோரு பேரும். தங்கள் கரையில் ஒரு பெயரைச் சொல்லப் பயந்தவர்கள் கடல் தாண்டி உள்ளவர்களின் உரிமைக்குத் தீர்மானம் போட வந்திருந்தார்கள்.

தலைவர் எழுந்து நின்று சொல்லத் தொடங்கினார். மைக் இல்லாத குறையைக் குரலால் தீர்த்தார். நான் சொல்லுக்குச் சொல் எழுதினேன்.

"பதவிக்காலம் முடிந்த பிறகும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர், அவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், மக்கள் முகத்தில் விழிக்கத் தகுதியற்றவர்."

"எந்த ஊர்க்காரராக இருந்தாலும்... அப்படியே எழுதட்டுமா தலைவரே?" என்று கேட்டேன்.

"எழுதுலே. அப்பத்தான் அழுத்தமா இருக்கும். அடுத்து. எவ்வளவு நல்ல காரணம் சொன்னாலும் அதை இச்சங்கம் ஏற்காது. தொண்ணூறு நாளுக்குள் தேர்தல் நடத்த வேண்டும். நடத்தாவிட்டால் மேலதிகாரிகள் தலையிட்டு நடத்தி வைக்க வேண்டும்."

"அவங்களுக்கு மேலதிகாரி யாரு?"

"போடுலே. எல்லாத்துக்கும் மேல ஒருத்தன் இருப்பான்."

வழக்கத்துக்கு மாறாக அன்று நான் அதை முழுதாகப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை. இரண்டாவது தடவை கைதட்டினார்கள். சிறையிலிருந்து வந்த இரண்டு பேரும் தட்டினார்கள். ஒருவனுக்காவது உறைக்குமோ என்று முகம் முகமாகப் பார்த்தேன். ஹசன் அலி மட்டும் போனைப் பார்ப்பதுபோலக் குனிந்து மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற முகங்களில் வடை எப்போது வரும் என்ற கேள்விதான் இருந்தது.

பிறகு படம் எடுத்தார்கள். தலைவர் தாளைப் பிடிக்க, ஜோஸ்வின் அதன் ஒரு மூலையைப் பிடிக்க, ஒன்பது பேரும் பின்னால். மூன்றாவது படத்தில் எல்லோருக்கும் கண் திறந்திருந்தது.

"டெல்லியில அவங்க தூதரகம் இருக்கு, அதுக்கு அனுப்பணும்," என்றார் ஹசன் அலி. "அட்ரஸ் எடுத்துத் தாரேன்."

"எதுக்கு பாய்?" என்றார் தலைவர். "போட்டோதான் எடுத்தாச்சே. பேப்பர்காரனுக்கு வாட்சப்புல போட்டா முடிஞ்சுது. டெல்லிக்கு வேற அனுப்பி அவன் நாலு கேள்வி கேட்டு..."

இதுதான் அந்தச் சங்கம். நாப்ளஸ்காரக் கிழவருக்கு ஆதரவாகப் போட்ட தீர்மானம் பாம்பன் தபால் நிலையம் வரைக்கும்கூடப் போகத் தேவையில்லை என்று முடிவானது. வடை வந்துவிட்டது.

அப்போது ஜெப்சி ஐஸ் பெட்டியிலிருந்து எழுந்து வாசற்படியில் வந்து நின்றாள்.

"மாமா, நல்லாப் பேசுனீங்க. எனக்கு அதுல ஒரு காப்பி வேணும்."

"உனக்கு எதுக்கு?"

"வச்சுக்கிறேன். நாலு பேருக்குக் காட்டுவேன்."

தலைவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டும். பதினான்கு வருடத்தில் அவர் பேச்சுக்கு நகல் கேட்ட முதல் ஆள். "குடுத்துருலே தங்கப்பாண்டி. சும்மா செராக்ஸ் வேணாம். முகவரித் தாள்ல எழுதி, உண்மை நகல்னு முத்திரை போட்டுக் குடு. என் கையெழுத்துத்தான் டிராயர்ல இருக்கே." வடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மற்றவர்களும் போனார்கள். ஜெப்சியைத் தாண்டிப் போகும்போது ஒருவர், "படகை வித்துரு புள்ள, வெறகுக்காவது ஆகும்," என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார்.

அறையில் நானும் அவளும்தான். இப்போது உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் முகவரித் தாளில் தீர்மானத்தை எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கீழே தலைவரின் கையெழுத்து தயாராக இருந்தது. முத்திரை வைத்தேன்.

"இது பாலஸ்தீனத்துக்குன்னு போட்டிருக்கே அண்ணே," என்றாள் ஜெப்சி. "நமக்கு எப்படி ஆகும்?"

"பொருள்ல பாலஸ்தீனம்தான். உள்ள எந்த ஊர்க்காரராக இருந்தாலும்னு இருக்கு. அவரே சொல்லி, பதினோரு பேர் கைதட்டி. இதை வச்சு நீ உன் பேர்ல ஒரு மனு எழுது. ராமநாதபுரம், மாவட்டப் பதிவாளர். நம்ம சங்கத்துக்கு மேலதிகாரி அவருதான். சங்கத்துக்குக் கடைசியாத் தேர்தல் நடந்த தேதி இது, ஒத்திவச்ச அறிவிப்பு இத்தனை, உறுப்பினர்கள் கருத்து இது, தலைவரோட கருத்தே இதுன்னு."

"நீங்க எழுதித் தருவீகளா?"

"அதுக்குத்தானே உக்காந்திருக்கேன்."

அனுப்புநர், பெறுநர், பொருள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்த வரிசையிலேயே எழுதினேன். கடைசித் தேர்தல் தேதி. ஆறு அறிவிப்புகளின் தேதி, காரணம். அன்று காலை எண்ணிய கைகள்: பத்து, ஒன்று, மூன்றாவதற்குப் பதில் இல்லை. படகின் பதிவு எண், மிக்கேல் இறந்த நாள். இணைப்பு ஒன்று: தலைவர் கையெழுத்திட்ட தீர்மானத்தின் உண்மை நகல். இணைப்பு இரண்டு முதல் ஏழு வரை: என் கையெழுத்தில் உள்ள அறிவிப்புகள்.

ஜெப்சி வரி வரியாக விரல் வைத்துப் படித்தாள். அந்த அறையில் ஒருவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"உங்க வேலை போயிராதா அண்ணே?"

"போகும்."

"பெறகு?"

"ஏழாவது அறிவிப்பை வேற எவனாவது எழுதட்டும்."

மறுநாள் காலை அவள் பேப்பரோடு வந்தாள். நாலாம் பக்கத்தில் படம் இருந்தது. பாலஸ்தீனத்தில் உடனே தேர்தல்: பாம்பன் மீனவர்கள் வலியுறுத்தல். தலைவர் பத்துப் பிரதி வாங்கியிருக்கிறாராம். ஜெப்சி ஒரு பிரதியை அவரிடமே கேட்டு வாங்கி வந்திருந்தாள். அதைக் கத்தரித்து இணைப்பு எட்டு என்று எழுதிச் சேர்த்தேன்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. பசை டப்பாவில் குச்சியை விட்டு உறையின் வாயில் தடவினேன். ஜெப்சி அதை மேசையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்திருந்தாள். ஸ்பீடு போஸ்ட் என்றேன். கவுண்டரில் இருந்தவர் எடை போட்டார்.

"உள்ள என்ன?"

"பாலஸ்தீனத்தைப் பத்தின தீர்மானம்," என்றாள் ஜெப்சி.

அவர் முகவரியை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். ஸ்பீடு போஸ்ட் வில்லையை உறையில் ஒட்டி, முத்திரையைக் குத்தி, ராமநாதபுரம் பைக்குள் போட்டார்.