கம்பிவேலிக்குள் வேலிப்பருத்தி

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு: உத்திரமேரூர் அருகே, செய்யாற்றங்கரை மணல்மேட்டில், மனிதகுலம் இதுவரை கண்டிராத அரிய கொடி ஒன்று கண்டறியப்பட்டுள்ளது.

(நான் எழுதியதல்ல. மணல்மேட்டுப் பலகையில் இருந்தது. வராத பஸ்ஸுக்காக நின்றபோது படித்தேன். கதை பிறந்த லட்சணம் இவ்வளவுதான்.)

1.

மணல் தகதகத்துக்கொண்டிருந்த ஒரு பங்குனிக் காலையில்—

வேண்டாம். பிரிஸ்கில்லாவின் கவலை வெயில் அல்ல, வேலி. கொடியைக் காக்க ஊர்ப் பசுமைக் குழு போட்டுப் பூட்டிய கம்பிவேலிக்குள் அவளுடைய ஏழு ஆடுகளின் மேய்ச்சல் மொத்தமும் மாட்டிக்கொண்டது. அவளுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. சுற்றிலும் அடுத்தவர் பயிர். வேலி நீடித்தால் ஆடுகளைச் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும்.

2.

குழுத் தலைவர் கிருஷ்ணசாமி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கைபேசியைப் பூவுக்கு நேரே பிடித்தார், அது ஒரு லத்தீன் பெயரைச் சொன்னது, நெகிழ்ந்துபோனார். ஆராய்ச்சி முடிந்தது. (இப்படி ஒரு பாத்திரம் இருக்குமா என்று எனக்கும் சந்தேகம்தான். இருக்கிறாரே, என்ன செய்ய?)

பிரிஸ்கில்லா கம்பி இடுக்கில் கைவிட்டு இலையைக் கிள்ளினாள். பால் வடிந்தது. முள்முள்ளாய் இருந்த இரட்டைக் காயையும் தூக்கிக் காட்டினாள்.

"சார், இது வேலிப்பருத்தி. உங்க மாட்டுக்கொட்டா வேலி முச்சூடும் இதான் படந்து கீது."

"அதுல போர்டு கீதாம்மா?"

"போன வாரம் பேரப்புள்ளைக்கு சளின்னு உங்க வூட்டம்மா எலை கேட்டாங்க. அந்த வேலியிலதான் பறிச்சிக் குடுத்தேன். கொயந்தைக்கு இப்ப எப்டி கீது?"

"தேவலை," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் தெரியும்மா. தெறப்பு விழாவுக்குப் பத்திரிகை அடிச்சாச்சு. பேஜார் பண்ணாத."

3.

முதல் முடிவு: தாவரவியல் நிபுணர் ஒருவர் வந்து, பார்த்து, சிரித்து— யார் கூப்பிடுவது? கிருஷ்ணசாமியா?

இரண்டாவது: விழாவன்று காய் வெடித்து, பஞ்சு பறந்து, தலைவரின் சால்வைமேல்— அழகுதான். ஆடு மேயாது.

மூன்றாவதை வாசகர்களே எழுதிக்கொள்ளட்டும் என்று முடித்து, பிரிஸ்கில்லாவிடம் படித்துக் காட்டினேன்.

"அவங்க எழுதினா பூட்டு தொறந்துக்குமா சார்?" என்றாள்.

விழா சிறப்பாக நடந்தது. கொடி இப்போது கம்பிவேலிக்கு வெளியேயும் படர்ந்துவிட்டது. அதற்குப் பலகை இல்லை.

வியாழக்கிழமை பிரிஸ்கில்லா ஆடுகளை விற்றுவிட்டாள்.