காந்திமதியக்காவின் டப்பு

1

இந்தக் கதை இரவல் டப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் அபிராமியின் வாஷிங் மெஷின் ஒரு சனிக்கிழமை உறுமி, குலுங்கி, நின்றுபோனது. மெக்கானிக் பையா "கல், பக்கா" என்றார். இந்தியில் 'கல்' என்றால் நாளையும்தான், நேற்றும்தான். கேட்பதற்கு முன்பே கீழ்வீட்டுக் காந்திமதியக்கா, தான் துணி துவைக்கிற பெரிய தகர டப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அபிராமி அதில் துணியை ஊறப்போட்டாள். துவைக்காமல் கதை எழுத உட்கார்ந்தாள். (மூன்றாம் நபரில் எழுதினால் பழி தன்மேல் விழாது என்பது அவள் எண்ணம்.)

2

"காலத்தின் அழுக்கையெல்லாம் கரைத்துக் குடித்த அந்தத் தகரம்..."

அழுக்கைக் குடிக்கிற தகரமா? அடித்தாள்.

"டப்பு என்பது வெறும் டப்பு அல்ல, அது..."

அது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

3

கதைக்குக் கனம் வேண்டுமே. டப்பின் சொந்தக்காரியைக் கொன்றாள். ஒரே பத்தி, வற்றிய நுரை, மிதக்கும் ஒற்றை ரவிக்கை. படித்துப் பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. (அழ வேறு வாசகர் கிடைக்காதபோது எழுதியவரே அழுதுகொள்ள வேண்டியதுதான்.)

4

ஞாயிறு காலை காந்திமதியக்கா டப்பை வாங்க வந்தாள். துணி இன்னும் ஊறிக்கொண்டிருந்தது, வாடை வேறு. சமாளிக்க வேண்டி அபிராமி கதை எழுதியதைச் சொன்னாள். அக்கா வாசிக்கச் சொன்னாள். அந்தப் பத்தியைத் தாண்டிப் போயிருக்கலாம். நன்றாக வந்த பத்தியாயிற்றே! குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

அக்கா தன் மார்பில் கட்டி இருப்பதையும், ஊசி போட்டுச் சதை எடுத்திருப்பதையும் சொன்னாள். வீட்டில்கூட அதை அவள் முழுசாகச் சொல்லியிருக்கவில்லை.

"செவ்வாக்கிழமை ரிசல்ட்டு. அதுவரைக்குமாவது என்னைய விட்டு வச்சிருக்கலாம்லா?"

அபிராமி தாளைக் கிழிக்கப் போனாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே," என்றாள் அக்கா. "அதான் பயமா இருக்கு."

5

முடிவுகள்:

அ) ரிசல்ட் நல்லபடியாக வருகிறது. எல்லோரும் பாயசம் சாப்பிடுகிறார்கள். (லஞ்சம் கொடுத்த மாதிரி இருந்தது.)

ஆ) ரிசல்ட்... (கை வரவில்லை.)

இ) நடந்தது. டப்பின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் துணி அலசினார்கள். போர்வையை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிந்தார்கள். அக்காவின் பிடி தளர்ந்தபோது அபிராமி திருகுவதை நிறுத்திக் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுக் கூட வருவதாகச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே அபிராமிக்குத் தலை சுற்றும் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"நீ மயங்கி விழுந்தா உன்னைய யாரு தூக்குவா?"

அபிராமி தன் முனையை விடாமல் பிடித்திருந்தாள். அக்கா போர்வையை மறுபடி இறுக்கிப் பிடித்தாள்.

"சரி, வா."

6

செவ்வாய்க்கிழமையை அபிராமி எழுத மாட்டாள். வேண்டுமானால் வாசகரே, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், தடையில்லை. ஒன்று மட்டும்: எழுதியதைக் காந்திமதியக்காவின் எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, வாசித்துக் காட்ட வேண்டும்.