கனகாம்பர நிற ஜாடி

கடலூரில் தேவனாம்பட்டினம் போகும் சாலையில், வாடகை வீட்டின் பின்கட்டில் சிந்துஜா பீங்கான் பாத்திரங்கள் செய்துவந்தாள். கிண்ணம், தட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாம் கையாலேயே. ஷோகேஸில் வைக்கிற பொருள் எதையும் அவள் செய்வதில்லை. சோறு போட வேண்டும், குழம்பு ஊற்ற வேண்டும், கழுவிக் கவிழ்க்க வேண்டும். நிறங்கள் மேல் அவளுக்குத் தீராத ஆசை. பச்சையும் நீலமும் சுலபமாக வந்தன. கனகாம்பர நிறம் மட்டும் இரண்டு வருடமாகச் சூளையிலிருந்து பழுப்பாகவே வெளிவந்தது.

பிறகு அன்புமணி என்ற வண்ணப்பொடி வியாபாரி ஒரு பொட்டலம் கொடுத்தான். முதல் தடவையே கிண்ணம் பூத்தது. ஆறும்வரை பொறுக்காமல் எடுத்து விரலைச் சுட்டுக்கொண்டாள். அந்த நிறத்தில் பதினொரு பாத்திரங்கள் விற்றாள். முதல் கிண்ணத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு ஆறு மாதம் அதில்தான் சாப்பிட்டாள்.

ஒருநாள் காலை, மீந்துபோன புளிக்குழம்பைக் கொட்டியபோது, குழம்பு நின்ற மட்டத்துக்குக் கிண்ணத்தின் உட்புறம் வெளிறியிருந்தது. எலுமிச்சைச் சாற்றில் பஞ்சை நனைத்துத் தேய்த்தாள். பஞ்சில் ஆரஞ்சு ஒட்டியது. தொட்டியடிக்கு ஓடி வாந்தியெடுத்தாள்.

கிண்ணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பியதில், பூச்சில் உடம்புக்கு விஷமான காரீயம் இருப்பதாகப் பதில் வந்தது. அன்புமணிக்குப் போன் செய்தாள்.

"அது வெளிப்பக்கம் பூசுற கலரு மேடம். உள்ள யாரு பூசச் சொன்னா?"

"நான் சாப்புடுற சாமான் செய்றேன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும். நீங்க சூட்டுல கலரு நிக்குமான்னுதான கேட்டீங்க? நின்னுச்சில்ல?"

அவன் சிரித்தது கேட்டது. சாக்கடையில் கை விட்டதுபோல் போனைக் கீழே வைத்தாள். ஆனால் அந்த அருவருப்பு அவனோடு நிற்கவில்லை. நிறத்தைக் கண்ட மயக்கத்தில் அவள் வேறெதையும் கேட்கவில்லை என்பது நிஜம்.

வாங்கியவர்களைத் தேடிப் பத்துப் பாத்திரங்களைத் திரும்ப வாங்கிவிட்டாள். மிச்சம் ஒரு ஊறுகாய் ஜாடி. அது சிதம்பரம் மேலவீதியில், பள்ளி ஆசிரியை லோகநாயகி வீட்டில் இருந்தது. போன் எடுக்கவில்லை. பஸ் ஏறிப் போனாள்.

"அட, வாம்மா! ஒன் ஜாடியப் பாக்காத ஆளில்ல எங்க தெருவுல," என்று லோகநாயகி அதை எடுத்துவந்து மூடியைத் திறந்தார். நார்த்தங்காய் ஊறுகாய். "ஸ்ரீமதிக்குத் தயிர் சோத்துக்கு இது இல்லன்னா எறங்காது."

ஆறு வயது மகள் ஸ்ரீமதி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். சிந்துஜா ஜாடிக்குள் பார்த்தாள். எண்ணெய்க்குக் கீழே சுவர் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது.

"டீச்சர், இத இனிமே சாப்புடாதீங்க," என்று ஆரம்பித்துக் காரீயம்வரை எல்லாவற்றையும் சொன்னாள்.

லோகநாயகிக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. சிந்துஜா உட்சுவரைப் பஞ்சால் துடைத்துக் காட்டினாள். அவர் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினார்.

"தெரிஞ்சேதான் வித்தியா?"

"இல்ல டீச்சர். கேக்காம வித்துட்டேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்று மாலையே மூவரும் ரத்தம் எடுக்கிற இடத்துக்குப் போனார்கள். ஊசியைக் கண்டு ஸ்ரீமதி அலறியபோது, பக்கத்தில் போய்ப் பிடிக்கச் சிந்துஜாவுக்குத் துணிவு வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

ஜாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து, சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தாள். வெளிப்பக்கம் இன்னும் அப்படியே ஜொலித்தது. அது அழகாக இருந்ததுதான் அவளுக்கு அதிகமாகக் குமட்டியது. மிச்சப் பொடியோடு அதையும் டப்பாவில் அடைத்து விஷம் என்று எழுதி ஒட்டினாள். பச்சை, நீலக் கிண்ணங்களையும் பரிசோதனைக்கு அனுப்பினாள். பரிசோதனை முடியும்வரை ஒன்றையும் விற்பதில்லை என்று முடிவெடுத்தாள்.

நாலாம் நாள் லோகநாயகி கூப்பிட்டார்.

"பாப்பாவுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்காம். பயப்பட வேணாம், மூணு மாசம் கழிச்சி மறுபடி பாக்கணும்னாரு டாக்டரு."

"நானும் வரேன் டீச்சர்."

"வேணாம். ஒன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் புடிக்கல." ஆனால் போனை வைக்கவில்லை. "நீயும் அதுலதான சாப்ட்ட? ரத்தம் பாத்துட்டியா?"

"இன்னும் இல்ல."

"நாளைக்கே போய்ப் பாரு," என்று அதட்டிவிட்டுப் போனை வைத்தார்.