இருநூற்றுப் பத்தும் ஒரே நிறம்

சிப்பித்துறையில் தூண்டிலுக்கான ரப்பர் மீன்களுக்கு நிறம், அவற்றைச் செய்கிறவரின் அவமானத்திலிருந்து கிடைக்கிறது. கடையில் சின்னப் புட்டிகளில் விற்கிற சாயம் அங்கே ஒட்டுவதில்லை. பால் போல் வெள்ளையாக இருக்கும் திரவ பிளாஸ்டிக்கை அடுப்பில் ஏற்ற வேண்டும். அது கட்டிதட்டி, பிறகு இளகி, கண்ணாடி போல் தெளியும் நேரத்தில், தான் தலைகுனிந்த ஏதாவதொரு சம்பவத்தை நினைத்தபடி மூன்று முறை கிளற வேண்டும். நிறம் இறங்கிவிடும். அப்புறம் அச்சில் ஊற்ற வேண்டியதுதான்.

எந்த அவமானத்துக்கு எந்த நிறம் என்பதில் ஊருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது. பொய் சம்பந்தப்பட்டதெல்லாம் பச்சை. கூட்டத்தில் வேட்டி அவிழ்ந்தது, பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனது போன்ற சில்லறை வெட்கங்கள் ரோஜா நிறம். பெற்றவளைக் கைநீட்டி அடித்தது ஒருமாதிரியான கருநீலம். அதை யாரும் வாங்குவதில்லை, செய்தவரும் வெளியே காட்டுவதில்லை. அகராதிக்காரர்கள் வெட்கம், கூச்சம், நாணம், அவமானம் எல்லாவற்றையும் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாக எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட ரப்பர் மீன் ஊற்றியதில்லை என்பது தெரிகிறது.

சிரமம், ஒரே நிறத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதில்தான். மனிதனுடைய அவமானம் காலையில் அடர்த்தியாகவும் சாப்பிட்டபின் நீர்த்தும் இருக்கிறது. மழை பெய்தால் கூடுகிறது. யாராவது இரண்டு வார்த்தை பாராட்டிவிட்டால் போன இடம் தெரிவதில்லை. ஆகவே ஒருவர் ஊற்றிய பத்து மீன்களை வரிசையாக வைத்தால் பத்தும் பத்து நிறமாக இருக்கும்.

இன்னாசிமுத்து ஊற்றியவை மட்டும் ஒரே நிறமாக இருந்தன. நன்றாகக் கொதித்த தேநீரின் பழுப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிவப்பாக ஓர் இழை. கழிமுகத்துக் கொடுவா மீன்கள் அந்த நிறத்தைக் கண்டால் யோசிக்காமல் வாயைத் திறந்தன. இருபத்து மூன்று வருடமாக இன்னாசி அதில் ஒரு சாயல்கூடத் தவறவிட்டதில்லை. காலை பத்து மணிக்கு, வெறும் வயிற்றில், வெப்பமானி நூற்றெழுபத்தைந்தைத் தொட்டதும், ஒரே ஒரு சம்பவத்தின் ஒரே ஒரு கணத்தை நினைப்பார். மற்ற நேரங்களில் மறந்தும் நினைக்க மாட்டார், வீணாகிவிடும். மிஞ்சியதை மறுபடி சூடாக்கவும் மாட்டார். மறுபடி சூடாக்கிய அவமானம் மஞ்சளடித்துத் தன்னிரக்கமாகிவிடும். முதன்முதல் ஊற்றிய மீன் ஒரு பிஸ்கட் டப்பாவில் மாதிரியாக இருந்தது. ஆறிய ஒவ்வொரு மீனையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பெட்டியில் போடுவார்.

அவர் மனைவி பிரகாசி ஊற்றினால் மீன் தண்ணீர் மாதிரி வரும். அவள் எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

ஊர்த் தூண்டில் மன்றத்தின் கொடுவாப் போட்டி இன்னாசியை நம்பித்தான் நடந்தது. மூன்றாம் விதிப்படி எல்லாப் போட்டியாளரும் ஒரே நிற மீனைத்தான் வீச வேண்டும். நிறத்தால் ஜெயித்தான் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. ஏழாம் விதிப்படி, போட்டி முடியும்வரை மீன் செய்பவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. முன்பு லாசர் என்பவர் தன் அண்ணனிடம் போய் மன்னிப்புக் கேட்டுவிட, அந்த நிமிடமே அவர் விற்றிருந்த மீன்களெல்லாம் ஊரார் பெட்டிகளில் வெளுத்துப்போனதால் வந்த விதி அது.

இன்னாசியின் சம்பவம் இது. இருபத்து மூன்று வருடத்துக்கு முன் கழிமுகத்தில் படகுப் போட்டி. அவர்தான் எல்லைக்கோட்டு நடுவர். ஒரு கையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு கொடிகள், இன்னொரு கையில் வடை. இரண்டு படகும் நெருங்கிய நேரத்தில் வடை கீழே விழுந்தது. குனிந்தார். மண்ணை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு படகும் கோட்டைத் தாண்டியிருந்தன. ஊரே அவரைப் பார்த்தது. அவர் நீலக் கொடியைத் தூக்கினார். சிவப்புப் படகிலிருந்து கஸ்பார் தலை நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பார்வையைத்தான் இன்னாசி கிளறிக்கொண்டிருந்தார்.

கஸ்பார் ஐஸ் கம்பெனியில் வேலைக்குப் போனார். அவர் வரும் தெருவில் இன்னாசி போவதில்லை. கோவிலில் கஸ்பார் இடப்பக்கம் உட்கார்ந்தால் இன்னாசி வலப்பக்கத் தூணுக்குப் பின்னால் இருப்பார்.

இந்த வருடம் போட்டியாளர்கள் நாற்பத்திரண்டு பேர். ஆளுக்கு ஐந்தாக இருநூற்றுப் பத்து மீன். செவ்வாய்க்கிழமைக்குள் நூற்றிருபது முடிந்திருந்தது. புதன்கிழமை பத்து மணிக்குப் பாத்திரம் அடுப்பிலிருந்தபோது வாசலில் குரல் கேட்டது.

"வே இன்னாசி, உள்ள வரலாமா?"

கஸ்பார். கிளறாமல் விட்டால் கருகிவிடும் என்பதால் இன்னாசியால் கொல்லைப்பக்கம் போக முடியவில்லை.

"வாரும்."

"இந்த வருசம் நானும் பேர் குடுத்திருக்கேன். எந்த முள்ளு மாட்டணும்னு ஒம்மகிட்ட கேக்கலாம்னு வந்தேன்." கஸ்பார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கு முந்தி இன்னொண்ணு கேக்கணும். ஒமக்கு எம்மேல என்ன வே கோவம்? என்னக் கண்டா சந்து மாறிப் போறீரு. கோவில்ல தூணுக்குப் பொறத்தாலே ஒளியுதீரு. தூணு ஒம்மள விட ஒல்லி வே."

"கோவம் எனக்கில்ல. அன்னைக்கு நீருதான என்னப் பாத்தீரு."

"என்னைக்கு?"

"படகுப் போட்டி அன்னைக்கு. நான் நீலக் கொடியத் தூக்கினதும்."

கஸ்பார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்து யோசித்தார்.

"அதுவா! ஒம்ம மீசையில சட்டினி இருந்துச்சு. சொல்லலாமா வேண்டாமான்னு பாத்தேன். அத்தன பேரு நிக்காவ, எப்படிச் சொல்ல?"

"சட்டினியா?"

"தேங்காச் சட்டினி. இந்தப் பக்கம்."

"அப்ப ஜெயிச்சது யாரு?"

"எனக்கென்ன தெரியும்? நான் குனிஞ்சு துடுப்புப் போட்டுட்டுல்லா இருந்தேன். நீருதான பாத்தீரு."

திரவம் தெளிந்துவிட்டது. வழக்கமான பார்வையை நினைத்து மூன்று முறை கிளறினார். பார்வை வந்தது, கூடவே சட்டினியும் வந்தது. ஆறியபின் அச்சைத் திறந்தால் மீன்கள் ரோஜா நிறத்தில் இருந்தன. கஸ்பார் ஒன்றை எடுத்துப் பார்த்து, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். இரண்டாம் நம்பர் முள் என்று கேட்டுக்கொண்டு புறப்பட்டார்.

கொடுவாக்கள் ரோஜா நிறத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

வியாழக்கிழமை இன்னாசி ஐஸ் கம்பெனிக்குப் போனார். கஸ்பார் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஐஸ் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ஒதவி. 'நான்தான் ஜெயிச்சேன், நீரு அநியாயம் பண்ணிட்டீரு'ன்னு ஒரு தடவ சொல்லும்."

"எனக்குத் தெரியாததச் சொல்லச் சொல்லுதீரே."

"மீனுக்கு வேண்டியிருக்கு."

"மீனுக்குன்னா சரி." கஸ்பார் உளியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். சொன்னபின், "கொஞ்சம் கோவமாச் சொல்லணுமோ?" என்று கேட்டு இன்னொரு முறையும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து ஊற்றியவை பச்சையாக வந்தன. அவற்றைக் கொட்டிவிட்டு, சட்டினியை நினைக்காமலிருக்க முயன்று மூன்று தடவை ஊற்றினார். சட்டினியை நினைக்காமலிருக்க முயல்வது, அதை நினைப்பதற்கு ஒரு நல்ல வழி. மூன்று தடவையும் ரோஜா நிறம். அதிலும் அவர் தவறவில்லை. தொண்ணூறும் அச்சாக ஒரே ரோஜா.

வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் ஐந்தைந்தாக மடித்துப் பொட்டலம் கட்டினார். பழுப்பு இருபத்து நான்கு பொட்டலம், ரோஜா பதினெட்டு. பிரகாசி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலந்து போட்டா என்ன? எல்லாருக்கும் கொஞ்சம் நல்லது, கொஞ்சம் கெட்டது."

"நூத்தியிருபத நாப்பத்திரண்டால வகுத்தா மிச்சம் வரும். ரெண்டு நிறம் ஒரே பொட்டலத்துல கெடந்தா ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஊறும்."

"அப்ப சும்மா குடுத்திருங்க. தூண்டில் வீசப் போற வரைக்கும் யாரும் பொட்டலத்தப் பிரிக்க மாட்டாங்க. நீங்க குனிஞ்சத யாராச்சும் கேட்டாங்களா?"

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இன்னாசி ரோஜாப் பொட்டலங்களை மறுபடி எண்ணினார். பதினெட்டு பேர், ஏன் என்று தெரியாமலே தோற்கப்போகிறார்கள். யார் அந்தப் பதினெட்டு என்று பொட்டலத்தை நீட்டுகிற கை தீர்மானிக்கும். கை அவருடையது.

சனிக்கிழமை காலை கழிமுகத்து மணல்திட்டில் நாற்பத்திரண்டு பேரும் தூண்டிலோடு வரிசையாக நின்றார்கள். கஸ்பார் கடைசியில் நின்றார். மன்றத்தின் செயலாளர் ரொசாரியோ வாத்தியார் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்தார். மேசையில் பொட்டலங்கள், மீனை அளக்க நாடா, போட்டியைத் தொடங்கிவைக்க இன்னாசிக்கு ஒரு கொடி. அவர் கொடியை எடுக்கவில்லை. மைக்கை எடுத்தார். மற்றக் கையால் ஒரு பழுப்புப் பொட்டலத்தையும் ஒரு ரோஜாப் பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டினார்.

"இது ரெண்டு நிறம். எம் மீசையில அன்னைக்குச் சட்டினி இருந்துச்சுன்னு கஸ்பாரு சொன்னதும் மாறிட்டு. தப்பு என்னோடது."

"இன்னாசி, ஏழாம் விதி," என்றார் வாத்தியார்.

"தெரியும் வாத்தியாரே. அன்னைக்குப் படகு கோட்டத் தாண்டும்போது நான் பாக்கல. வடை எடுக்கக் குனிஞ்சிருந்தேன். பாக்காமத்தான் கொடியத் தூக்கினேன். முந்தாநாளு கஸ்பாரப் பொய் சொல்லவும் வச்சேன். கஸ்பாரு, என்ன மன்னிச்சிரும்."

வாத்தியார் புத்தகத்தை மூடினார்.

"எல்லாங் கெட்டுது. கஸ்பாரு, ஒன்ன யாருடே சட்டினியப் பத்திச் சொல்லச் சொன்னா? இருவத்து மூணு வருசமா ஊரே வாய மூடிட்டு இருந்துச்சு."

"எதுக்கு வாத்தியாரே?" என்றார் கஸ்பார்.

"நீதான் ஜெயிச்ச. அரைப் படகு முந்தி. எல்லாரும் பாத்தோம். சாயங்காலம் சொல்லிக்கிடலாம்னு இருந்தோம். அதுக்குள்ள இவரு ஒரு பாத்திரம் ஊத்திட்டாரு. நிறம் அப்படி வந்துச்சு."

கஸ்பார் தூண்டிலை மணலில் குத்தி நிறுத்தினார். வரிசையின் கடைசியிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். யார் மீசையிலும் சட்டினி இல்லை. அவர் பார்வை வந்த வரிசைப்படியே தலைகள் குனிந்தன; வாத்தியாரின் தலை கடைசியாகக் குனிந்தது.

மேசையில் கிடந்த மீன்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. முதலில் பழுப்பு, பின்னால் ரோஜா. இன்னாசி மற்றப் பொட்டலங்களையும் பிரித்தார். இருநூற்றுப் பத்தும் தண்ணீர் போலிருந்தன. அடியில் விரித்திருந்த செய்தித்தாளின் எழுத்து அவற்றின் வழியே தெளிவாகத் தெரிந்தது. வாத்தியார் குனிந்த தலையோடே விதிப்புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் விதி எல்லா மீனும் ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்றது. நிறம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. போட்டி தொடங்கியது.

ஒரு மணி நேரம் கழித்து முதல் கொடுவாவைக் கொண்டுவந்தார்கள். வெள்ளி நிறமாக இருக்க வேண்டிய மீன், கொதித்த தேநீரின் பழுப்பாக இருந்தது. வெயிலில் பிடித்தால் உள்ளே சிவப்பாக ஓர் இழை. இரண்டாவது மீனும் அப்படியே. மூன்றாவதும். இன்னாசி அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திப் பார்த்தார். ஒரு சாயல்கூட வித்தியாசமில்லை.

முதல் மீனை அளக்க நாடாவை எடுத்தார். மீன், வரிசையில் நின்றவர்களைப் போலவே தலையைத் தாழ்த்தி, உடலை வளைத்துக்கொண்டு கிடந்தது. வளைந்த மீனை அளந்தால் நீளம் குறையும். பிரகாசி பக்கத்தில் வந்து இலையில் வடையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. நாடாவைப் பிடித்தபடி, கண்ணை எடுக்காமல், மீன் நிமிர்ந்து பார்ப்பதற்காகக் காத்திருந்தார்.