வீட்ல இங்கிலீஷ் மட்டும்

ஷாஹினாவுக்கு வாய் ஓயாது. கடம்பூரில் பத்தாவது வரை தமிழில் படித்தவள். கோவில்பட்டி பஜாரில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஹாரூனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மகள் அப்சானா பிறந்த பிறகுதான் அவளுக்குப் பேச்சுத்துணை கிடைத்தது. கீரை ஆய்ந்தால் அதற்கொரு கதை, மாடியில் துணி காயப்போட்டால் காற்றைத் திட்டி ஒரு கதை. பிள்ளையும் சளைக்காது. "ஏம்மா ரயிலு நம்ம தெருவுக்கு வர மாட்டேங்குது?" என்று கேட்கும்.

எல்லாம் எல்கேஜி சேர்க்கும் வரைதான். வீட்டிலும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். ஹாரூன் அதைச் சட்டமாக்கிவிட்டான். எட்டாவதோடு படிப்பை விட்டவன்; இங்கிலீஷ் பேசுகிறவர்கள் காலடியில் குத்தவைத்துச் செருப்பு மாட்டிவிடுகிற வலி அவனுக்கு.

"எனக்குத்தான் வராதுங்களே," என்றாள் ஷாஹினா.

"தெரிஞ்சதைப் பேசு. தெரியலன்னா சும்மா இரு."

ஷாஹினாவுக்குத் தெரிந்தது கம், சிட், ஈட், ஸ்லீப். வாய் வரை வந்ததை விழுங்கினாள். பிள்ளை தமிழில் கேட்டால் உதட்டில் விரலை வைத்தாள். ஐப்பசி மழை தொடங்கும்போது அப்சானா எதையும் கேட்பதில்லை. வேண்டியதைக் கையால் காட்டுவாள். புரியாவிட்டால் டம்ளரைத் தூக்கி எறிவாள்.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பக்கத்துப் பிள்ளையைக் கடித்துவிட்டாளாம். கடைக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு ஷாஹினா ஓடினாள்.

"கேட்டா பதிலே சொல்ல மாட்டேங்கா," என்றாள் டீச்சர் ஜெயப்பிரியா. "ஒரு எழுத்தக்கூட வாயத் திறந்து படிக்கல. டாக்டர்ட்ட காட்டுங்க."

"நீங்க சொல்லித்தான டீச்சர் அவ வாயை அடைச்சேன்?"

"அது மேனேஜ்மென்ட் சொன்னது. எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய?" டீச்சர் வகுப்புக்குள் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஷாஹினா பிள்ளையை மடியில் இருத்தினாள். "ஏட்டி, அந்தப் பிள்ளை உன்னைய என்ன செஞ்சா? அம்மாகிட்டச் சொல்லு."

அப்சானா வாசலைப் பார்த்தாள். பிறகு சின்னக் கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். "நோ டமில்."

ஷாஹினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

மதியம் ஹாரூன் சாப்பிட வந்தான்.

"கம்," என்றாள். "சிட்." சோற்றைப் போட்டாள். "ஈட்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"ஈட்."

"உன்னத்தான் கேக்கேன், வாயத் திறந்து சொல்லேன்!"

"எனக்குத் தெரிஞ்சது இம்புட்டுத்தான்," என்று வெடித்தாள். "இத்தனை மாசமா இதை வச்சுத்தான் உங்க மக எங்கூட இருக்கா. உங்களால ஒரு வேளைச் சோறு திங்க முடியல!"

அவன் தட்டிலேயே கையைக் கழுவினான். "சரி, பேசு. படிப்புல பின்னால போனா உன்னத்தான் கேப்பேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஷாஹினா தொண்டை கட்டும் வரை பேசினாள். பிள்ளை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், பதில் வராது. "என்னத்தையாவது கேளேன்டி," என்று ஒருமுறை தோளைப் பிடித்து உலுக்கியும்விட்டாள். அப்சானா அழுதுகொண்டே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில், பருப்புச் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தபோது, "இன்னும்" என்றாள் அப்சானா. தமிழில். ஷாஹினா அடுத்த வாயை உருட்டினாள். சந்தோஷம் வந்தது, ஆத்திரமும் கூடவே வந்தது. நாள் பூராவும் தொணதொணத்த பிள்ளையிடம் இந்த ஒரு சொல்லுக்கு இப்படிக் காத்துக் கிடக்க வைத்துவிட்டார்களே என்று.