மூப்பர் இல்லாத அடக்கம்

எலியேசருக்கு வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது அலமாரி மேலிருந்த அவருடைய செல்போன் அடித்தது. கிருபாபாய் மீதி வேலையை மகள் அக்சாவிடம் விட்டுவிட்டுப் போய் எடுத்தாள்.

"அண்ணே, தங்கச்சாமி பேசுதேன். கீழ்த்தெருவுல ஏதோ சாவாம். அழுகைச் சத்தம் கேக்கு, யாருன்னு தெரியல. நீங்க வெரசா வந்து கோயிலத் தொறந்து மணியடிங்க. போதகருக்குச் சொல்லியாச்சா?"

கிருபாபாய் திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

"தம்பி, செத்ததே அவியதான்."

தங்கச்சாமி கேட்டார்:

"அப்ப மணியடிக்கிறது யாரு மதினி?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கு உறைத்தது. பட்டாளத்தில் அவில்தாராக இருந்த மனிதர், போனிலேயே ஓவென்று அழுதார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சோழபுரம் சபையில் யார் செத்தாலும் முதல் போன் எலியேசருக்குத்தான் போகும். அந்தப் பழக்கத்தில் அன்று காலை எலியேசர் செத்ததை எலியேசருக்கே சொல்ல இன்னும் சிலர் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் கிருபாபாய்தான் பதில் சொன்னாள்.

எலியேசர் அந்தச் சின்னச் சபைக்கு மூப்பர். மற்ற ஊர்களில் மூப்பர் என்றால் காணிக்கைப் பை பிடிப்பார், கமிட்டியில் உட்காருவார், அதோடு சரி. இவர் கதை வேறு. கோயிலைத் திறப்பது அவர், கூட்டிப் பெருக்குவது அவர், மணியடிப்பது அவர். பாட்டு எடுப்பதும் வேதபாடம் வாசிப்பதும் ஜெபம் பண்ணுவதும் அவரே. போதகர் வராத வாரங்களில் பிரசங்கத்தையும் விட்டுவைக்க மாட்டார். அசனப் பண்டிகைக்குச் சபை முழுக்கச் சாப்பிட உட்காரும்போது சாம்பார் வாளியோடு வருவதும் அவர்தான். யாராவது வாளிக்குக் கை நீட்டினால், "நீங்க இருங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சனங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்றுதான் நினைத்தார். அப்படி நினைத்தே அத்தனை பேரையும் பெஞ்சில் சும்மா உட்காரப் பழக்கிவிட்டார்.

இதற்காகக் கிருபாபாய் அவரோடு போடாத சண்டையில்லை.

"ஆண்டவரு ஆளுக்கொரு வரம் குடுத்திருக்காரு. ஒங்களுக்கு மட்டும் அம்புட்டையும் மூட்ட கட்டிக் குடுத்தாராக்கும்?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்றைக்கும் கிளம்பத்தான் எழுந்தார். காப்பியைக் குடித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த போன் போதகரிடமிருந்து வந்தது. ஸ்டெபின் இளவயதுக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு சுற்றுப்பட்டுச் சபைகளைப் பார்த்துவந்தார்.

"இன்னைக்கு இங்க ஆண்டாள் தேரும்மா. எந்த ரோட்டுலயும் வண்டிய விட மாட்டேங்காங்க. எப்படியும் சாயங்காலம் அடக்கத்துக்கு வந்துருவேன். அதுவரைக்கும்…" என்று இழுத்தார். "அம்மா, இப்ப இதப் பேசக் கூடாது. ஆனா எல்லாச் சபைக்கும் பொதுவான கமிட்டியில கொஞ்ச நாளா பேச்சு இருக்கு. சோழபுரத்துல மூப்பர் ஒருத்தருதான் எல்லாம். அவரு இல்லாம அங்க ஆராதனை நடத்த ஆளு ஏது? ராஜபாளையம் கோயிலோட சேத்துருவோம்னு சொல்லுதாங்க. சபையார் எல்லாரும் இன்னைக்குக் கூடுவாங்கள்ல, அப்பவே கேட்டு முடிவு பண்ணிருவோமா?"

சேர்த்துவிடுவோம் என்றால் இங்கே பூட்டிவிடுவோம் என்று அர்த்தம். கிருபாபாய் மணப்பெண்ணாகக் கால் வைத்த கோயில் அது. பூட்டினால் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் போகக்கூடியவர்கள் போவார்கள், முடியாத கிழடுகள் வீட்டில் கிடக்கும். புருஷனைப் பறிகொடுத்த அன்றைக்கே கோயிலையும் பறிகொடுக்க வேண்டுமா என்று அவளுக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

"வாங்கய்யா. எங்க ஆளுக அடக்கம் பண்ணுறத வந்து பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, எந்த ஆட்கள் என்று அவளுக்கே தெரியவில்லை.

தங்கச்சாமி முகத்தைக் கழுவிக்கொண்டு, மீசையை நீவிவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். மூப்பரின் கால்மாட்டில் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். பிறகு கிருபாபாயிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடுங்க மதினி. இனிமே ஒண்ணுக்கும் கவலப்படாதீங்க. அம்புட்டையும் நான் பாத்துக்கிடுதேன்."

கிருபாபாய் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு எலியேசரை இன்னும் பெட்டியில்கூட வைக்கவில்லை. அதற்குள் இன்னொரு எலியேசர் மீசையோடு வந்து நிற்கிறார்.

"மணி மட்டும் ஒங்களுக்கு" என்றாள்.

"அப்ப பாட்டு?"

"மணி."

"வேதபாடமாவது—"

"மணி, தம்பி."

தங்கச்சாமி சாவியை வாங்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் மணி கேட்டது. துக்க மணி என்றால் ஒன்று அடித்து, அதன் ரீங்காரம் ஓய்ந்த பிறகுதான் அடுத்ததை அடிக்க வேண்டும். தங்கச்சாமி ஆயுசில் முதல்முறையாக அந்தக் கயிற்றைப் பிடிக்கிறார். பட்டாளத்து வேகத்தில் இழுத்த இழுப்பில் மணி கலகலவென்று ஊரையே கூட்டியது. மேலத்தெரு உக்கிரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன மூப்பர் வீட்டம்மா, கோயில்ல கல்யாண மணி அடிக்கி? சொல்லவே இல்ல, யாரு வீட்டுக் கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப்பார்த்தவர், கட்டிலைக் கண்டு துண்டைச் சட்டென்று எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

கிருபாபாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துக்கொண்டே அழுதாள். அன்றைக்கு அவள் நன்றாக அழுதது அப்போதுதான்.

"அம்மா, சித்தப்பாகிட்ட இருந்து கயிற வாங்கிருவோமா? ஊரு சிரிக்கி" என்றாள் அக்சா.

"அடிக்கட்டும். இழுத்து இழுத்துத்தான பழகணும்."

அக்சா ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தால்தான் அவளுக்கு நிம்மதி. அம்மாவைத் தனியே அடுப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"என்கூட வேலை பாக்குறவங்க கோயில்ல பெரிய பாடகர் குழு இருக்கும்மா. கீபோர்டு, மைக் எல்லாம் கொண்டாருவாங்க. ஒரு போன் போட்டாப் போதும். அப்பாவுக்கு நல்லபடியா நடக்கணும்ல? நம்ம சபையில ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியாது."

"நல்லாப் பாடுவாங்க. பாடிட்டு வேன்ல ஏறிப் போயிருவாங்க. வார ஞாயித்துக்கெழம யாரு பாடுவா?"

அக்சா கையில் எடுத்த செல்போனைத் திரும்ப வைத்தாள்.

கிருபாபாய் கூடத்துக்கு வந்து, பாயில் உட்கார்ந்திருந்த பெண்களை ஒருமுறை பார்த்தாள். சுவரோரமாக, தலையில் முக்காடு போட்டு, சுடலைமாடத்தி இருந்தாள். ஞானஸ்நானம் வாங்கியும் பழைய பெயரிலேயே இருப்பவள். நடவு வயலில் அவள் பாட்டு எடுத்தால் வரப்பில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். கோயிலில் மட்டும் உதட்டை அசைப்பதோடு சரி. வந்த புதிதில் ஒருநாள் மூப்பர், "ராகம் தப்புதும்மா, நீ கேட்டுக்கிட்டு இரு, நான் பாடுதேன்" என்று தன்மையாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"ஏட்டி, இன்னைக்குப் பாட்டு நீதான் எடுக்கணும்."

"ஐயையோ, நானாக்கா?" சுடலைமாடத்தி கட்டிலைப் பயத்தோடு பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "மூப்பரு காதுல விழுந்தா வைவாரே!"

பாயில் இருந்த பெண்கள் எல்லாருமே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சிரிப்பது யார் அழுவது யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"இன்னைக்கு வைய மாட்டாவ. பாடு" என்றாள் கிருபாபாய்.

அதற்குப் பிறகு அவள் கை காட்டிய ஆளெல்லாம் எழுந்தார்கள். வேதபாடம் அக்சாவுக்கு. பெட்டி தூக்க, குழியைப் பார்க்க, வந்தவர்களை உட்காரவைக்க என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவரை அனுப்பினாள். எல்லாரும் முதலில் "நானா?" என்றுதான் கேட்டார்கள். ஞாயிறு தவறாமல் பின்பெஞ்சில் உட்கார்ந்து யாருக்கு என்ன வரும் என்று பார்த்துவைத்திருந்தவள் அவள். இத்தனை நாளாக யாரும் அதை அவளிடம் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

சாயங்காலம் கோயிலில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, பெட்டியைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். போதகர் இன்னும் வந்து சேரவில்லை. வழியெல்லாம் சுடலைமாடத்தி பாடினாள். பயத்தில் முதல் அடியை அவள் எடுத்த உயரத்துக்கு ஒருவராலும் ஏற முடியவில்லை. பாதிப் பேருக்கு இருமலே வந்துவிட்டது. இரண்டாவது பாட்டில் தானாகவே இறங்கி வந்தாள். அப்புறம் பாருங்கள், பெட்டியைத் தூக்கியவர்கள்கூட சேர்ந்து பாடினார்கள். சபைக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்று அன்றுதான் கிருபாபாய்க்கே தெரிந்தது.

குழியண்டை அக்சா வேதப்புத்தகத்தைத் திறந்தாள். வகுப்பில் டிக்டேஷன் போடுகிற மாதிரி ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் சொன்னாள். ஆடிக்காற்று வேறு பக்கத்தைப் புரட்டிப் புரட்டி விட்டது. அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்து தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. ஹெல்மெட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் புழுதியோடு போதகர் ஸ்டெபின் நின்றிருந்தார். அவர் முன்னால் வரப்போனதைப் பார்த்து கிருபாபாய்தான், கொஞ்சம் இருங்கள் என்று கையைக் காட்டியிருந்தாள். வாசித்து முடிக்கும்வரை அவர் தாளை விடவில்லை.

"இப்ப ஜெபம். போதகர் ஐயா வந்துட்டாக" என்று வழிவிட்டார் தங்கச்சாமி.

"அதெப்படி?" என்றது ஒரு குரல். சுடலைமாடத்திதான். பாடிப் பாடி அவளுக்குப் பயம் விட்டுப் போயிருந்தது. "எங்க எல்லாருக்கும் வேல குடுத்தீகளேக்கா, ஒங்க வேல என்ன?"

பத்துப் பேர் முன்னால் கிருபாபாய் வாய் திறந்து ஜெபித்ததே கிடையாது. புருஷன் இருக்கும்போது அதற்குத் தேவையும் வரவில்லை. போதகரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டுவிட்டார். இனிமேல் தப்பிக்க வழியில்லை.

"ஆண்டவரே" என்றாள். அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"ஆண்டவரே, அவியள ஒம்மகிட்ட அனுப்பி வைக்கோம். வந்து எறங்குனதுமே சாவி எங்கன்னு கேப்பாவ. குடுத்துராதீரும். அங்க மணியடிக்க ஆளு இருக்கும், பாட ஆளு இருக்கும். 'நீங்க இருங்க, நான் பாத்துக்கிடுதேன்'னு எந்திரிப்பாவ. தோளப் புடிச்சு உக்கார வையும். நானும் கல்யாணமான நாள்லேருந்து சொல்லிப் பாத்துட்டேன், கேக்கல. நீர் சொன்னாலாவது கேக்காவளான்னு பாரும்."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். போதகரின் தோள் குலுங்கியது. கிருபாபாயின் குரல் இறங்கியது.

"ரொம்ப நேரம் நின்னா அவியளுக்குக் காலு வீங்கும். வெளிய சொல்ல மாட்டாவ. நீரே பாத்து உக்காரச் சொல்லும். அம்புட்டுதான்."

ஆமென் சொல்ல அவள் மறந்துவிட்டாள். கூட்டத்தில் அங்கே ஒருவர், இங்கே ஒருவராகச் சொன்னார்கள்.

சடங்கு முறையான ஜெபத்தை அதற்குப் பிறகுதான் போதகர் சொன்னார். எல்லாரும் ஒரு கைப்பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

வீட்டு வாசலுக்கு வந்ததும் போதகர் ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். கமிட்டி விஷயத்தை எடுப்பார் என்று கிருபாபாய் காத்திருந்தாள்.

"அம்மா, வார ஞாயித்துக்கெழம இங்க எத்தன மணிக்கு ஆராதனை?" என்று கேட்டார் அவர்.

அவள் வாயைத் திறப்பதற்குள் நாலு பக்கமிருந்தும் பதில் வந்தது. ஒருவர் காலை என்றார், ஒருவர் பஸ்ஸுக்குத் தோதாகப் பிந்தி வைக்கலாம் என்றார். வேதபாடத்தைத் தானே வாசிப்பதாகத் தங்கச்சாமி ஆரம்பித்தார். "ஒங்களுக்கு மணி சித்தப்பா" என்றாள் அக்சா. பாட்டை இரண்டு பேர் சேர்ந்து எடுக்கலாம், தனியாக என்றால் தனக்குத் தொண்டை தாங்காது என்று சுடலைமாடத்தி அடித்துச் சொன்னாள். கூட்டுகிற முறை யாருக்கு என்பதில் பெரிய சண்டையே கிளம்பிவிட்டது.

கிருபாபாய் உள்ளே வந்து கால் கழுவினாள். கூடத்தில் ஒருவரும் இல்லை. வெளியே தங்கச்சாமியின் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

"ஏங்க, இந்தக் கூத்தக் கேட்டீகளா…" என்று சிரித்தபடி கட்டில் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

அவரைப் பெட்டியில் வைக்கும்போது யாரோ உருவிப் போட்ட போர்வை கட்டிலில் குவியலாகக் கிடந்தது. அதை எடுத்து உதறி, நாலாக மடித்து, தலையணை மேல் வைத்தாள். பிறகு போய், பாதி சாத்தியிருந்த வாசல் கதவை முழுக்கத் திறந்துவைத்தாள், அவர்கள் பேசுவது உள்ளே நன்றாகக் கேட்கட்டும் என்று.